முதலில் சேவ், பிறகு டீ

ஓய்வு பெற்ற பிறகு கிடைத்த பெரிய சுகம் எது என்று என்னைக் கேட்டால் யோசிக்காமல் சொல்வேன்: இப்போதெல்லாம் கரண்ட் போனால் எனக்கு ஒன்றுமே ஆவதில்லை. ஏற்காட்டில் மழைக்காலத்தில் கரண்ட் போவது புதிதா என்ன? சில்வர் ஓக் கிளை ஒன்று கம்பியில் சாய்ந்தால் போதும். முன்பெல்லாம் பல்பு ஒருமுறை மினுக்கினாலே என் கை தானாக ஒரு பொத்தானைத் தேடும். இப்போது போச்சா, போகட்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். மஞ்சக்குட்டைக்கு ஷேர் ஜீப் ஓட்டிய என் வீட்டுக்காரர் மணி முதல் தடவை இதைப் பார்த்துவிட்டுப் பயந்தே போனார். "லில்லி, மேலுக்குச் சொகமில்லையா? கரண்டு போயும் கத்தாம குந்தியிருக்கறே?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

சென்ற வாரம் எங்கள் மிஷன் கோயிலில் பாடகர் குழுவின் அறையை ஒழித்துச் சுத்தம் செய்தார்கள். பழைய போர்வையில் சுற்றி வைத்திருந்த சாம்பல் நிறப் பெட்டியைப் பிரித்துப் பார்த்த ஒரு பெண், "ஏனுங்க ஆன்ட்டி, இது பேக்கரியில பில்லுப் போடற மெஷினுங்களா?" என்று கேட்டாள். எனக்கு வந்ததே கோபம்! அவள் மேல் தப்பில்லை. இன்று லேப்டாப்பிலேயே எல்லாம் முடிந்துவிடுகிறது, அது எனக்குச் சந்தோஷம்தான். எனக்கு அந்த வசதி இருந்திருந்தால் பாதி முடி நரைத்திருக்காது. ஆனாலும் பில் மெஷினா? அந்தக் கோபத்தில்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

அந்தப் பெட்டியின் பெயர் சீக்வென்சர். டேப் ரெக்கார்டர் மாதிரி சத்தத்தைப் பிடித்து வைக்காது. கீபோர்டில் இருந்து ஒரு வயர் அதற்குள் போகும். எந்தக் கட்டையை அழுத்தினோம், எப்போது அழுத்தினோம், எவ்வளவு பலமாக அழுத்தினோம், எப்போது விரலை எடுத்தோம் என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும். அதை ஞாபகம் வைத்துக்கொண்டு, நாம் கேட்கும்போது கீபோர்டுக்குத் திருப்பிச் சொல்லும். ஆள் கை வைக்காமலே கீபோர்டு வாசிக்கும். வேகத்தைக் கூட்டலாம், குறைக்கலாம், சுருதி மாறாது. கரண்ட் போனால் மட்டும் சகலத்தையும் மறந்துவிடும். பிளாப்பி டிஸ்க்கில் சேவ் செய்து வைத்திருந்தால் பிழைத்தோம்.

நான் கிளியூர்க்காரி. கல்யாணத்துக்கு முன் ஒரு காப்பி எஸ்டேட் ஆபீஸில் கணக்கெழுதும் ரைட்டருக்குக் கீழே டைப் அடித்துக்கொண்டிருந்தேன். ஞாயிறுகளில் ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கீபோர்டு வாசிப்பேன், அதுவும் சுமாராகத்தான். மிஷன் காம்பவுண்டில் பக்திப் பாட்டு கேசட் போட ஒரு ரெக்கார்டிங் ரூம் திறந்தபோது, அங்கே மாஸ்டராக இருந்த தேவசகாயம் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். "உங்க வாசிப்பு நொம்ப சாதாரணமுங்க. ஆனா நீங்க டைப் அடிக்கறதப் பார்த்தேன், அலுத்துக்காம அடிக்கறீங்க. எனக்கு அதுதான் வேணும்" என்றார். பாராட்டா, திட்டா என்று புரியாமலே வேலைக்குச் சேர்ந்தேன். மற்றதெல்லாம் அங்கே உட்கார்ந்து உட்கார்ந்து கற்றுக்கொண்டதுதான்.

மாஸ்டர் ரெக்கார்டிங் ரூமுக்குத் தலைவர், கோயிலிலும் அவர்தான் வாசிப்பார். எல்லோரையும் வாங்க போங்க என்றுதான் பேசுவார். கோபம் வந்தால் மரியாதை இன்னும் கூடும். "கொஞ்சம் தயவு பண்ணிக் கேக்கறீங்களா?" என்று அவர் ஆரம்பித்தால் குழுவில் எல்லோரும் தரையைப் பார்ப்போம். அந்த மரியாதை மெஷினுக்கும் உண்டு. சீக்வென்சரை 'அவர்' என்றுதான் சொல்வார். ஒருமுறை ஆராதனையில் வயர் பாதி கழன்றுவிட்டது. கட்டையை அழுத்திய சேதி போய்ச் சேர்ந்தது, எடுத்த சேதி போகவில்லை. பாஸ்டர் ஐயா கண்ணை மூடி ஜெபம் செய்துகொண்டிருக்க, ஒரே ஒரு ஸ்வரம் மட்டும் ஆம்புலன்ஸ் மாதிரி நிற்காமல் கத்துகிறது. மாஸ்டர் எழுந்து வந்து பெட்டியிடம் குனிந்து, "போதுமுங்க, நிறுத்திக்குங்க" என்று சொல்லிக் கீபோர்டின் ஸ்விட்சை அணைத்தார். பெண்கள் பக்கம் முழுக்க முக்காட்டுக்குள் சிரித்தது.

உள்ளே நோட்டு ஏற்ற இரண்டு வழி. ஒன்று, ஒவ்வொன்றாக ஏற்றுவது. ஸ்வரம் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்று முதலில் தேர்ந்தெடுக்க வேண்டும்: முழுத் தட்டா, அரைத் தட்டா, கால் தட்டா. பிறகு கட்டையை அழுத்த வேண்டும். மெஷின் அதை எழுதிக்கொண்டு ஒரு அடி தள்ளிப் போய் நிற்கும், அடுத்தது என்ன என்று கேட்கிற மாதிரி. மௌனத்துக்கு ஒரு பொத்தான், நீட்டுவதற்கு ஒரு பொத்தான். மூக்கு அரித்தால் கையைக் கட்டையில் இருந்து நன்றாக எடுத்துவிட்டுத்தான் சொறிய வேண்டும், தெரியாமல் விரல் பட்டாலும் எழுதிக்கொள்ளும். இரண்டாவது வழி, மெஷின் டிக் டிக் என்று தாளம் போட, நாம் கூடவே வாசிப்பது. இதில் விரலின் பலமெல்லாம் பதியும். வாசிக்கும்போது முன்னே பின்னே போனால் அதை நேராக்க ஒரு பொத்தான் உண்டு. கேசட் வேலைக்கு அவசரம் இருக்கும் என்பதால் எல்லாவற்றையும் நேராக்குவோம். பெரும்பாலும் யாருக்கும் வித்தியாசம் தெரியாது, மாஸ்டருக்குத் தெரியும்.

ரூமுக்கு ஒரே ஒரு சட்டம்தான். ஆரம்ப நாட்களில் கிறிஸ்துமஸ் கேசட்டுக்காக ஒரு பாட்டைக் காலையில் இருந்து ஏற்றி முடித்தோம். வயலின் பகுதி, மணி ஓசை, எல்லாம் அவ்வளவு அழகாக வந்திருந்தது. அந்த நேரம் பார்த்து டீ வந்தது. டம்ளரைக் கையில் வாங்கினோம், கரண்ட் போனது. திரும்பி வந்தபோது பெட்டி புதிதாகப் பிறந்த குழந்தை மாதிரி ஒன்றும் தெரியாமல் பச்சை விளக்கைக் காட்டிக்கொண்டு இருந்தது. நான் அழுதுவிட்டேன். மாஸ்டர் கத்தவில்லை. ஆறிப்போன டீயைக் குடித்து முடித்தார், நாற்காலியை இழுத்துப் போட்டார், "மறுக்கா மொதல்ல இருந்துங்க. இனிமே இங்க மொதல்ல சேவ், பொறவு டீ. உசுரே போனாலும் சரி" என்றார். அன்றிலிருந்து டீக்காரர் எட்டிப் பார்த்து "சேவ் ஆச்சுங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் டம்ளரை நீட்டுவார்.

இனி நான் சொல்ல வந்த விஷயம்.

மாஸ்டர் ஒரு கல்யாண வரவு இசை எழுதியிருந்தார். நாலு குரலுக்கானது: சொப்ரானோ, ஆல்ட்டோ, டெனர், பேஸ். மணப்பெண் கோயில் வாசலில் இருந்து பலிபீடத்துக்கு நடந்து வரும்போது வாசிப்பது. எங்கள் கோயிலில் கல்யாணம் செய்துகொண்ட பெண்கள் எல்லோரும் அதற்குத்தான் நடந்தோம், நானும் நடந்தேன். கீபோர்டு பீடத்தின் பக்கமாகச் சுவரைப் பார்த்து இருக்கும். வாசிப்பவருக்கு நடைபாதை தெரியாது. அதனால் மாஸ்டர் என் வீட்டுக்காரர் மணியிடம் ஒரு பழைய ஜீப்பின் சைடு கண்ணாடியைக் கேட்டு வாங்கி, ஸ்டாண்டில் முறுக்கி வைத்திருந்தார். கண்ணாடியில் பெண்ணைப் பார்த்துக்கொண்டே வாசிப்பார். அவள் வேகமாக வந்தால் வேகமாக, சேலை தடுக்கி நின்றால் இழுத்து, எப்படியோ கடைசி ஸ்வரமும் பெண்ணின் கடைசி அடியும் ஒன்றாக விழும். ஒருநாளும் தவறியதில்லை. "பாட்டு முடிஞ்ச பொறவு நடக்கற பொண்ணு பஸ்ஸை உட்டவளாட்டத் தெரியுமுங்க" என்பார்.

அப்படிப்பட்டவருக்குப் பக்கவாதம் வந்தது. உயிர் தப்பியது, பேச்சும் திரும்பியது. வலது கை திரும்பவில்லை. வலது காலை இழுத்து இழுத்து, வீட்டுக்குள் குச்சி ஊன்றி நடப்பார். கோயிலுக்கு வருவதை நிறுத்திவிட்டார். ரெக்கார்டிங் ரூமை நான் பார்த்துக்கொண்டேன்.

அவருக்கு ஒரே மகள், ஜெபா. சேலத்தில் நர்ஸ் வேலை. அவளுக்குக் கல்யாணம் நிச்சயமானதும் ஒருநாள் நேராக ரூமுக்கு வந்தாள். முகம் வீங்கியிருந்தது.

"ஆன்ட்டி, அப்பாகிட்ட ரெண்டு கேட்டேனுங்க. என்னையக் கூட்டிட்டு நடங்க, இல்லாட்டி எனக்கு வாசிங்கன்னேன். கையும் வராது, காலும் வராதுன்னுட்டாரு. சித்தப்பா கூட்டிட்டு வரட்டுமாம், வாசிக்கறதுக்குச் சேலத்துல இருந்து ஆள் பாத்துக்கலாமாம். இந்த மலையில இருக்கற பொண்ணுங்க எல்லாம் எங்கப்பா வாசிச்சு நடந்தாங்க. நான் மட்டும் யாரோ வாசிச்சு நடக்கணுமா?"

"அழுவாத சாமி" என்றேன்.

"அப்பா வாசிக்காட்டி எனக்குப் பாட்டே வேண்டாமுங்க. சும்மா நடந்து வர்றேன், கேக்கறவங்க கேக்கட்டும்."

அவள் அப்பனுக்குத் தப்பாத பிடிவாதக்காரி, சொன்னால் செய்வாள். சத்தமே இல்லாத கோயிலில் அந்தப் பெண் தனியாக நடந்து வருவதும், முன் பெஞ்சில் மாஸ்டர் மடியில் செத்த கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதும் என் கண் முன்னால் வந்தது. அன்று மாலையே அவர் வீட்டுக்குப் போய், பாட்டை மெஷினில் ஏற்றலாம் என்றேன்.

"மெஷின் வாசிச்சா மெஷின் வாசிச்சதுதானுங்களே லில்லி. நான் வாசிச்சதாகுமா?" என்றார்.

"கட்டைய அழுத்தறது நீங்கதானுங்க மாஸ்டர். அவரு ஞாபகம் வெச்சுக்குவாரு, அவ்வளவுதான்."

"ஒத்தைக் கையில நாலு கொரலா?"

"ஒவ்வொண்ணா ஏத்தலாமுங்க. ஊட்டுல சும்மா குந்தியிருக்கறதுக்கு அங்க வந்து குந்துங்க."

கடைசி வாக்கியம் கொஞ்சம் அதிகப்படிதான். ஆனால் அதற்குத்தான் மனிதர் நிமிர்ந்து பார்த்தார். மறுநாள் மணி ஜீப்பில் அழைத்து வந்து, தோளைப் பிடித்து உள்ளே உட்கார வைத்தார்.

முதலில் ஒவ்வொன்றாக ஏற்றும் வழியில் முயன்றோம். நான் தட்டைத் தேர்ந்தெடுப்பேன், அவர் இடது கையால் கட்டையை அழுத்துவார். அவ்வளவு பெரிய வாசிப்புக்காரர் ஒரு ஸ்வரத்துக்கும் அடுத்த ஸ்வரத்துக்கும் நடுவில் என் விரலுக்காகக் காத்திருந்தார். ஒரு பகுதி முடிந்ததும் போட்டுக் காட்டினேன். நோட்டில் ஒரு பிழை இல்லை. ஆனால் எல்லாம் ஒரே பலம், ஒரே அளவு. மாஸ்டர் கண்ணை மூடிக் கேட்டார்.

"ஜெபா கல்யாணத்துக்கு லில்லி டைப் அடிச்சாப்பல இருக்குதுங்க" என்றார். குச்சியைத் தேட ஆரம்பித்தார்.

எனக்குச் சுருக்கென்றது. "கொஞ்சம் தயவு பண்ணி உக்காருங்க மாஸ்டர்" என்றேன். அவருடைய ஆயுதத்தையே எடுத்ததும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, உட்கார்ந்தார். அப்போதுதான் எனக்கு யோசனை வந்தது. வேகத்தைப் பாதிக்கும் கீழே குறைத்துவிட்டால் என்ன? தாளம் ஆமை மாதிரி போகட்டும். அவர் இடது கையால் கூடவே வாசிக்கட்டும், முதலில் சொப்ரானோ மட்டும். அது முடிந்ததும் அதைக் கேட்டுக்கொண்டே அடுத்த தடத்தில் ஆல்ட்டோ. இப்படி நாலும் பதிந்த பிறகு வேகத்தைச் சரியான இடத்துக்கு ஏற்றினால், நாலு குரலும் சேர்ந்து வரும். எல்லாமே அவர் விரலாகத்தான் இருக்கும், அவருடைய அழுத்தமும் அவருடைய தயக்கமும் அதில் இருக்கும்.

மத்தியானங்களில் வேலை நடந்தது. வலது கை வாசிக்க வேண்டியதை இடது கை வாசிப்பது லேசில்லை. கட்டைவிரல் இருக்க வேண்டிய இடத்தில் சுண்டுவிரல் நிற்கும். வியர்த்துவிடுவார். "மறுக்காங்க" என்பார். ஒரு வரிக்கு எத்தனை மறுக்கா என்று நான் எண்ணவில்லை. ஒவ்வொரு பகுதி முடிந்ததும் சேவ், பிறகு டீ. பழக்கதோஷத்தில், "நேராக்கட்டுங்களா மாஸ்டர்?" என்று கேட்டேன்.

"வேண்டாமுங்க. நானே கோணலாத்தான் நடக்கறேன். பாட்டும் அப்பிடியே நடக்கட்டும்."

ஆல்ட்டோ மட்டும் கொஞ்சம் தூக்கலாக இருந்தது. அந்த வரி அவருக்குப் பிடித்தது, அதனால் அழுத்தி வாசித்துவிட்டார். மெஷினில் அந்தத் தடத்தின் பலத்தை மட்டும் குறைக்க ஒரு நிமிடம் போதும். சொன்னேன்.

"ஒரு நோட்டையும் தொடாதீங்க. எல்லாம் செரியாத்தான் இருக்குது" என்றார், நொம்ப மரியாதையாக. தொடவில்லை.

கடைசி வரி தானாக வேகம் குறைந்து முடிய வேண்டும் என்று ஆசைப்பட்டார். அதையும் மெஷினிலேயே எழுதினேன். அப்படி எழுதினால் வேகத்தை மெஷின் கையில் ஒப்படைத்துவிட வேண்டும், அப்போதுதான் எழுதியபடி குறையும். கல்யாணத்துக்கு முந்தின நாள் கோயிலில் ஒத்திகை. மாஸ்டரின் தம்பி குப்பனூரில் இருந்து வந்திருந்தார், அவர்தான் ஜெபாவை அழைத்து வருவதாக ஏற்பாடு. அவர்கள் நடக்க, நான் மெஷினை ஓட்ட, கடைசி அடியும் கடைசி ஸ்வரமும் அச்சாக ஒன்றாக விழுந்தன. ஜெபா அப்பாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். எனக்கு அப்பாடா என்றிருந்தது. கரண்ட் ஒன்றுதான் பயம். அதற்கும் மணி எங்கிருந்தோ இன்வெர்ட்டரும் பேட்டரியும் கொண்டுவந்து மாட்டிவிட்டார்.

கல்யாணக் காலையில் பனிமூட்டம் வாசல்வரை வந்து நின்றது. கோயில் நிறைந்துவிட்டது. நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறேன், கண் ஜீப் கண்ணாடியில். கோயில் உபதேசியார் வாசலில் கைக்குட்டையை அசைத்ததும் பொத்தானை அழுத்தினேன். மாஸ்டரின் இசை எழுந்தது. முன் பெஞ்சில் அவர் எப்படிக் கேட்கிறார் என்று ஓரக்கண்ணால் பார்த்தேன். அவர் இடம் காலியாக இருந்தது.

கண்ணாடியைப் பார்த்தேன். வெள்ளைச் சேலையில் ஜெபா. அவள் பிடித்திருந்த கை சித்தப்பாவுடையது இல்லை. கோட்டுப் போட்டு, குச்சி இல்லாமல், மகள் மேல் சாய்ந்து, வலது காலைத் தரையோடு இழுத்துக்கொண்டு மாஸ்டர் வருகிறார்.

என் தேவனே! ஒத்திகையில் மூன்றாவது பெஞ்சைத் தாண்டியிருந்த நேரத்துக்கு அவர்கள் வாசல்படியைவிட்டு இன்னும் நகரவே இல்லை. இந்த வேகத்தில் பாட்டு பாதி வழியிலேயே முடிந்துவிடும். மீதித் தூரம் முழுக்க அவர் கால் தரையில் உரசும் சத்தத்தைத்தான் ஊர் கேட்கும். அவர் வாசிக்க நடந்த பெண்கள் எல்லோரும் உட்கார்ந்திருக்கும் கோயிலில், அவர் மகள் மட்டும் பஸ்ஸை விட்டவள் மாதிரி நடப்பாள்.

வேகக் குமிழைத் திருப்பினேன். ஒன்றும் ஆகவில்லை. மறுபடி திருப்பினேன். அப்புறம்தான் உறைத்தது. வேகத்தை மெஷின் கையில் ஒப்படைத்திருக்கிறேனே! அது எழுதியபடிதான் ஓடும், என் குமிழை மதிக்காது. மாற்ற வேண்டுமானால் நிறுத்தியாக வேண்டும். நிறுத்தினால் நடுக் கோயிலில் நிசப்தம்.

முதல் பகுதியின் கடைசியில் நாலு குரலும் சேர்ந்து நிற்கும் ஒரு நீண்ட இடம் உண்டு. அதைவிட்டால் வேறு கதியில்லை. அந்த இடம் வந்ததும் அதே ஸ்வரங்களை என் இடது கையால் கீபோர்டில் அழுத்திப் பிடித்தேன். வலது கையால் மெஷினை நிறுத்தினேன். அவருடைய குரல்கள் நின்றன, என் கை பிடித்த நாதம் மட்டும் கோயிலில் தொங்கிக்கொண்டிருந்தது. வலது கை திரையில் வேகத்தை மெஷினிடம் இருந்து குமிழுக்கு மாற்றியது, இரண்டாம் பகுதியின் தொடக்கத்துக்குப் போனது, குமிழை இறக்கியது. ஒருமுறை தவறான பக்கம் திறந்துவிட்டது, மூடி மறுபடி போனேன். பிடித்த நாதம் நீண்டுகொண்டே போகிறது. பின்னால் யாரோ இருமினார்கள். பொத்தானை அழுத்தினேன்.

மாஸ்டரின் இரண்டாம் பகுதி மெல்ல, மிக மெல்ல எழுந்தது. நான் கையை எடுத்தேன்.

அதற்குப் பிறகு என் ஒரு கை குமிழில், கண் கண்ணாடியில். அவர் இடது காலை வைப்பார், பாட்டு ஒரு தட்டு நகரும். வலது காலை இழுப்பார், நான் குறைப்பேன். நடுவில் நின்றுவிட்டார், மூச்சு வாங்குகிறது. குமிழைக் குறைத்துக்கொண்டே போனேன். அதற்கும் ஒரு அடிமட்டம் உண்டு, அதையும் தொட்டுவிட்டேன். நடங்க மாஸ்டர், நடங்க மாஸ்டர் என்று வாய்விட்டே சொன்னேன். ஜெபா அவர் காதில் ஏதோ சொன்னாள். சிரித்துவிட்டு அடி எடுத்து வைத்தார். கடைசி வரியில் மெஷின் இனித் தானாகக் குறையாது, அதையும் நானேதான் குறைத்தேன். அவர் பாதம் பீடத்தின் படி முன்னால் வந்து நின்றது. கடைசி ஸ்வரம் விழுந்தது. இரண்டும் ஒன்றாக விழுந்தன.

நான் கட்டைகள் மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன். நல்லவேளை, கீபோர்டின் சத்தத்தைக் குறைத்துவிட்டுத்தான் கவிழ்ந்தேன், பழக்கம்.

ஆராதனை முடிந்து எல்லோரும் வெளியே போட்டோவுக்குப் போனார்கள். மாஸ்டர் என்னிடம் வந்தார், ஜெபா கைத்தாங்கலாக அழைத்து வந்தாள். வாசலில் என்ன நடந்தது என்று அவள்தான் சொன்னாள்.

"நீங்கதான் ஏற்கெனவே வாசிச்சு முடிச்சாச்சேப்பா, இப்ப சும்மாத்தான இருக்கறீங்க, வாங்க நடக்கலாம்னேனுங்க ஆன்ட்டி. குச்சியச் சித்தப்பாகிட்டக் குடுத்துட்டு என் கையப் புடிச்சுக்கிட்டாரு."

"நடுவுல நின்னப்ப என்ன கண்ணு சொன்னே?" என்று கேட்டேன்.

"லில்லி ஆன்ட்டி பாவமுங்கப்பான்னேன்."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அவளைப் போட்டோவுக்கு யாரோ கூப்பிட, ஓடினாள். மாஸ்டர் நாற்காலியில் உட்கார்ந்து மூச்சு விட்டார். பாராட்டப் போகிறார் என்று நினைத்தேன், இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக.

"எல்லாஞ் செரிங்க லில்லி. ஆல்ட்டோதான் கொஞ்சம் தூக்கலா இருந்துச்சு."

நான் அவரையே பார்த்தேன். "ஆல்ட்டோ வாசிச்சது யாருங்க மாஸ்டர்?"

அவருக்குப் புரிய ஒரு கணம் ஆனது. பிறகு தோள் குலுங்கச் சிரித்தார். நோய் வந்ததற்குப் பிறகு அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அந்த ஆல்ட்டோக்காரரை வேலைய உட்டு நிறுத்திருங்க" என்றார்.

அந்த நேரம் பார்த்து டீக்காரர் தட்டோடு வந்து, வாசலிலேயே நின்று, "சேவ் ஆச்சுங்களா?" என்று கேட்டார். குமிழைத் திருப்பியது எதுவும் மெஷினில் பதியவில்லை. அந்த நடை அதற்குத் தெரியாது. பழக்கதோஷத்தில் என் கை பொத்தானுக்குப் போனது.

மாஸ்டர் இடது கையை நீட்டி என் கையைத் தடுத்தார்.

"இன்னைக்கு மொதல்ல டீங்க" என்றார்.